எம்.சி.யில் இருப்பவன் நல்லா இருக்கலாமா?

1

மலாக்காவுக்கு மருமகளாக வந்த புதிதில் ஒரு நாள் காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எங்க வீட்டுக்காரரு இன்னிக்கு எம்.சி. தெரியுமா?" என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. எம்.ஏ., எம்.காம். போல இதுவும் ஏதோ படிப்பு, இந்த வயதில் மனிதர் படித்துப் பாஸாகியிருக்கிறார் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்க்கா, ஸ்வீட் எங்க?" என்று கேட்டுவிட்டேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. உள்ளே அவர் கணவர் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தார்.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எம்.சி. என்றால் மெடிக்கல் சர்டிபிகேட். இவர் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு. இங்கே அந்தச் சீட்டுக்கும் எம்.சி. என்றுதான் பெயர், அந்த விடுப்புக்கும் எம்.சி., விடுப்பில் இருக்கிற ஆளுக்கும் எம்.சி. "செல்வம் எங்கே?" "செல்வம் எம்.சி. லா." அந்த 'லா' இங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிற வால். அதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன வியாதி என்று யாரும் கேட்பதில்லை.

இந்த மாதத்தோடு நான் அறந்தாங்கியை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வழக்கம்போல என் கணவருக்கு நாள் நினைவில்லை. விமானத்தை விட்டு இறங்கிய அன்று யார் யார் வந்து அழைத்துப்போனார்கள், முதல் சமையலில் என்ன கருகியது என்றெல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் ஆபீஸில் நடந்த ஒன்று அதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதினால்தான் எனக்கு மற்றது ஓடும்.

2

நாங்கள் இருப்பது ஆயர் குரோவில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு தாமானில். நான் வேலை பார்ப்பது அலோர் காஜாவில், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஆபீஸில், பணியாளர் பிரிவில். தினமும் காரில் போய் வருகிறேன். ஊரில் சைக்கிளுக்கே பயந்தவள் என்று என் தம்பி இன்னமும் கேலி செய்கிறான்.

ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் எனக்கு முன்பே இருவர் உண்டு. ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் என்னிடம் நீட்டிவிடுவார்கள். தோட்டத்தில் இப்போது குலை வெட்டுகிறவர்களில் பலர் வெளிநாட்டவர்கள். இந்தோனேசியா, வங்காளதேசம், கொஞ்சம் நம் ஊர்ப் பையன்கள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். நம் ஊர்ப் பையன்கள் எழுதுவதையும் பேசுவதையும் மேனேஜருக்கு மலாயில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

ஊரில் உடம்பு சரியில்லை என்பது தெருவுக்கே சொந்தமான செய்தி. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அடுக்கிக் கிடந்தன. வந்தவர்கள் எல்லாரும் கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். அதே ஊரில்தான் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக, "காய்ச்சலால் அவதிப்படுவதால்" என்று நான் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். அப்பாவும் கூசாமல் கையெழுத்துப் போட்டார். கடிதம் வாங்கிய டீச்சரை அன்று சாயங்காலமே பந்தியில் பார்த்தேன். அவரும் அவர் தலைமையாசிரியருக்கு அதையேதான் எழுதியிருப்பார்.

ஊரில் நன்றாக இருந்துகொண்டு உடம்பு சரியில்லை என்று எழுதினோம். இங்கே வந்து, உடம்பு சரியில்லாமல் கிடந்துகொண்டு நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறோம். வெளிநாட்டுக்கு வந்ததில் எங்களுக்கு ஏற்பட்ட முன்னேற்றம் இது.

எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. அறந்தாங்கிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவாள், அப்பா கடன் வாங்கியாவது டிக்கெட் போடுவார். ஆபரேஷனுக்கு மறுநாள், கையில் ஊசி மாட்டியிருக்கும்போதே, தீபாவளிக்கு எடுத்த போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினேன். கீழே "நல்லா இருக்கேன்மா" என்று எழுதினேன். என் கணவர் கட்டிலருகில் நின்று பார்த்துக்கொண்டே, "பொய் சொல்றதுக்கு மட்டும் உனக்குத் தெம்பு வந்துருது லா" என்றார். அவருக்கு இது புரியாது. அவருடைய அம்மா இருப்பது அடுத்த தெருவில்.

3

எம்.சி.யில் இருப்பவர்களின் போட்டோ எங்கள் ஆபீஸுக்கு வந்து சேர்வது இப்போது வாடிக்கையாகிவிட்டது. யாராவது ஒருவர் பார்ப்பார், யாராவது ஒருவர் அனுப்புவார். முதுகுவலி என்று சீட்டுக் கொடுத்த லாரி டிரைவர் ஒருவர், மைத்துனர் கல்யாணத்தில் உறுமி மேளத்துக்குக் குனிந்து நிமிர்ந்து ஆடிய வீடியோ வந்தது. நாங்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு முறை பார்த்தோம். ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் மறுக்கவில்லை. "மேளம் அடிச்சா வலி தெரியல மேடம்" என்றார். எச்சரிக்கைக் கடிதம் போனது.

இப்படிப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் ஒரு புத்தி வந்துவிட்டது. சிரிக்கிற போட்டோ என்றால் பொய் எம்.சி. என்று உடனே தீர்மானித்துவிடுகிறோம். நோயாளி என்றால் போர்வைக்குள் கிடக்க வேண்டும், முனக வேண்டும், போனைத் தொடக் கூடாது. வீட்டில் என் மகள் தாரிணியிடம் இதைச் சொன்னேன். பதின்மூன்று வயது. தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள்.

"ஆபீஸ் ஆளுங்க ஏன்மா மத்தவங்க ஸ்டேட்டஸ்லாம் பாக்கறாங்க? ஹைட் பண்ணிட்டா முடிஞ்சிச்சு லா" என்றாள்.

"நீ யாருக்கு ஹைட் பண்ணியிருக்க?"

"உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ஒளிவு மறைவில்லாத பிள்ளை என்று பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

அந்த வாரம்தான் முத்துப்பாண்டியின் விவகாரம் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அலோர் காஜாவுக்கு வெளியே எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிக் குலை வெட்டுகிறவன். காய்ச்சல் என்று கிளினிக்கில் எம்.சி. வாங்கியிருந்தான். எம்.சி. நாளில் அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ ஏறியது. மலாக்காவுக்கு வருகிற எல்லாரும் நின்று போட்டோ எடுக்கிற சிவப்புக் கட்டடத்தின் முன்னால், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பூ வைத்த திரிஷா ஒன்றில், அதாவது இந்த ஊர் சைக்கிள் ரிக்ஷாவில், சாய்ந்து நிற்கிறான். மேலே "நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருங்க" என்று எழுதியிருந்தான்.

அவனுடைய மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், அதைப் பார்த்துவிட்டார். அவர் பெயர் சந்தனசாமி, இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கெட்ட மனிதர் இல்லை. அந்த வாரம் ஆள் குறைந்து, பழுத்த குலைகள் மரத்தடியிலேயே உதிர்ந்துகொண்டிருந்தன. மேலிடத்தில் வாங்கிய ஏச்சு வேறு. வயிற்றெரிச்சலோடு போட்டோவை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்.

ஊர்க்காரர்களுக்கு இதன் ஆபத்து விளங்க வேண்டும். இங்கே பிறந்தவனுக்கு வேலை போனால் வேறு வேலை. முத்துப்பாண்டிக்கு வேலை போனால் பெர்மிட்டும் போகும், பெர்மிட் போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். பொய் எம்.சி. என்று முடிவானால் அதுதான் நடக்கும் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்கு அவனை வரச் சொன்னார்கள். மொழிபெயர்க்க என்னை உட்காரச் சொன்னார்கள்.

4

விசாரித்தவர் எங்கள் மேனேஜர் புவான் ரோஹானா. புவான் என்பது மலாயில் அம்மணி மாதிரி. நியாயமானவர், ஆனால் காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார். ஒரு பக்கம் மண்டோர், எதிரே முத்துப்பாண்டி. எம்.சி. முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தான் என்றாலும் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. கண்ணாடி மாட்டிய போட்டோவையும் அவனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருந்தது.

புவான் அந்தத் தமிழ் வரியைத் தன் போனிலேயே மொழிபெயர்த்து வைத்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பினார். "சாயா சிஹாட்" என்று இருந்தது. நான் ஆரோக்கியமாக இருக்கிறேன். "சரிதானே?" என்று கேட்டார்.

வார்த்தைக்கு வார்த்தை சரிதான். நல்லா இருக்கேன் என்றால் வேறென்ன? சரி என்று நான் தலையாட்டியிருந்தால் அந்தப் பையனின் கதை அங்கேயே முடிந்திருக்கும். டாக்டர் உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறார், இவனே ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. இங்கே வந்த புதிதில் மலாய்க்காரப் பெண்கள் என்னைப் பார்த்து "ஆப்பா காபார்?" என்று கேட்பார்கள். நலமா என்று அர்த்தம். நான் அப்பாவை விசாரிக்கிறார்கள் என்று எண்ணி, அறந்தாங்கியில் இருக்கும் என் அப்பாவின் சர்க்கரை அளவு வரை விவரமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவர்கள் எதிர்பார்க்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். "காபார் பாய்க்." நல்ல சேதிதான்.

"புவான், போன மாதம் உங்களுக்குப் பல் பிடுங்கி முகம் வீங்கியிருந்ததே. காலையில் நான் 'ஆப்பா காபார்' என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "காபார் பாய்க்."

"இவன் எழுதியிருப்பதும் அதுதான். சிஹாட் இல்லை. காபார் பாய்க்."

புவானுக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். ஆனால் மேனேஜர் ஆயிற்றே, உடனே அடுத்த கேள்விக்குப் போனார். வார்த்தை அப்படியே இருக்கட்டும், போட்டோ? எம்.சி. நாளில் மலாக்கா டவுனில் திரிஷாவில் சாய்ந்துகொண்டு என்ன செய்தான்?

"அது பழைய போட்டோக்கா" என்றான் முத்துப்பாண்டி. "போன வருசம் எடுத்தது. அன்னைக்கு எந்திரிச்சு ஒக்காரவே முடியல. மொகம் பாக்கச் சகிக்கல. அதான் பழசப் போட்டேன்."

"பழையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் புவான்.

போன வருடத்துப் போன் கால்வாயில் விழுந்துவிட்டது. இந்தப் போனில் இருப்பது யாரோ நண்பன் பின்னால் அனுப்பியது. எடுத்த தேதி அதில் இல்லை. வேறு யாருக்காவது அந்தப் போட்டோவை அப்போதே அனுப்பியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு."

"அப்ப முடிஞ்சுது. அம்மாவுக்குப் போன் போடு. எப்ப அனுப்புனதுன்னு பாத்துச் சொல்லட்டும்."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "வேணாம்க்கா."

"ஏன்ப்பா?"

"எதுக்குக் கேக்குறீங்கன்னு கேக்கும். காச்சல்னு தெரிஞ்சுரும். அப்பா செத்ததுலருந்து அது தனியா இருக்கு. என் ஸ்டேட்டஸப் பாத்துட்டுத்தான் காலையில ஒரு வாய் சாப்புடும். அதுக்காகத்தான் அன்னைக்கும் போட்டேன். வார்னிங் லெட்டர் குடுத்தாலும் வாங்கிக்கிறேன், அதுட்ட மட்டும் கேக்க வேணாம்."

"இது வார்னிங் லெட்டரோட போறது இல்ல, பாண்டி. உன்ன ஊருக்கு அனுப்பிருவாங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அந்த அம்மா சந்தோஷமாகச் சாப்பிடுவாளா என்று திட்ட வாயெடுத்தேன். ஆனால் எனக்கு அவனைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது? நடந்ததைப் புவானுக்கு மலாயில் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், எழுதவில்லை.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் வெளிறிப்போனான். அம்மா.

புகார் வந்த நாளிலிருந்து பயத்தில் அவன் ஸ்டேட்டஸே போடவில்லையாம். அது தெரிந்திருந்தால் இந்த அழைப்பு வரும் என்று நானே சொல்லியிருப்பேன். அவன் கட் பண்ணினான். மறுபடி அடித்தது. "எடுத்துப் பேசச் சொல்லுங்கள், பாவம் அந்தத் தாய்" என்றார் புவான். அவன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். விசாரணை நடுவே வெளியே போகவோ ரகசியமாகப் பேசவோ கூடாது என்பது விதி. அதனால் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைக்க வேண்டியதாயிற்று.

"ஏம்ப்பா, ரெண்டு நாளா ஒண்ணத்தையும் காணோம். ஒடம்பு இன்னும் தேறலையா?"

அறையில் தமிழ் தெரிந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒடம்புக்கு என்ன? ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்குறவன் எதுக்குடா அந்தச் சட்டையோட நிக்கிற போட்டாவப் போடுற? அதோட கை முள்ளுல மாட்டிக் கிழிஞ்சு போச்சுன்னு போன பொங்கலுக்கே சொன்னேல்ல. பழச எடுத்துப் போடுறான்னா மொகத்தக் காட்ட முடியல, படுத்துக் கெடக்கான்னு எனக்குத் தெரியாதா?"

"அம்மா..."

"ஒடம்பு நல்லா இருந்தா நீ போன் பண்ணுவ. கறி வேகலம்பே, கொசு கடிக்குதும்பே, மண்டோரு திட்டுறாரும்பே. ஒடம்பு முடியலன்னாத்தான் போனு இல்லாம 'நல்லா இருக்கேன்'னு எழுதிப் போடுவ."

முத்துப்பாண்டி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் ஒவ்வொரு வாக்கியமாகப் புவானுக்கு மெதுவாகச் சொன்னேன். அந்தம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"பக்கத்துல யாரோ பேசுறாங்க? ஆபீஸா? அம்மா, நீங்க யாருன்னு தெரியல. பையனுக்கு ரெண்டு நாள் லீவு குடுங்கம்மா. படுத்து எந்திரிச்சா சரியாப் போயிருவான். அவன் வாயத் தொறந்து கேக்க மாட்டான்."

இதையும் மொழிபெயர்த்தேன். புவான் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அதற்குள் மண்டோர் சந்தனசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"லீவு குடுத்தாச்சும்மா" என்றார். "நான்தான் அவனோட மண்டோரு பேசறேன். இப்ப கொஞ்சம் தேவலாம். ஆனா நல்லா மெலிஞ்சிட்டான். நீங்க பசியாறுங்க மொதல்ல. நான் பாத்துக்கறேன்."

"திட்டுறாருன்னானே, அந்த மண்டோரா?"

"ஆமாம்மா. அவருதான்."

"திட்டுங்க. திட்டிச் சாப்புட வைங்க."

புவான் என்னைப் பார்த்தார், மண்டோர் என்ன சொன்னார் என்று. லீவு கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார் என்றேன். புகார் கொடுத்தவரே லீவு கொடுத்த பிறகு நான் எதை விசாரிப்பது என்று சொல்லிப் புவான் எழுந்துவிட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது. முத்துப்பாண்டிக்குச் சில நாள் குலை வெட்டு வேண்டாம், உதிரிப் பழம் பொறுக்கினால் போதும் என்று மண்டோரே சொல்லிவிட்டாராம். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை என்று கேள்வி.

5

அன்று சாயங்காலம் ஆபீஸ் கார் நிறுத்தத்தில் காரை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தீபாவளி போட்டோ ஞாபகம் வந்துவிட்டது. அதை அனுப்பிய அன்று அம்மா ஒரே ஒரு வரிதான் பதில் போட்டிருந்தாள். "சரிம்மா. வெந்நீர் குடி." அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இப்போதுதான் உறைத்தது. நன்றாக இருக்கிறவளுக்கு வெந்நீர் எதற்கு?

அறந்தாங்கிக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்ததும் வழக்கமான கேள்வி.

"நல்லா இருக்கியாம்மா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"எங்கம்மா நல்லா இருக்கேன்? இடது கால் ஒரு வாரமா வலிக்குது. மாடி ஏற முடியல. மக என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறா. இவருக்கு நான் வந்த தேதி கூட ஞாபகம் இல்ல. ஆபீஸ்ல எனக்கு எல்லா வேலையும் தலையில கட்டுறாங்க. போதும் போதும்னு இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்துபோனேன். பிறகு அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது.

"அப்ப நல்லாத்தான் இருக்க" என்றாள்.